குதிரைமுள்ளங்கியில் தொடங்கிய ஹெய்ன்ஸ்

தக்காளி வரத்து கூடி விலை சரியும்போதெல்லாம் மதிப்புக்கூட்டல் பற்றிய பேச்சு எழும். சாஸ் தயாரிக்கலாம், ஊறுகாய் போடலாம், புட்டியில் அடைத்து விற்கலாம் என்று யோசனை சொல்லாதவர்கள் இல்லை. இறங்கிச் செய்து பார்த்தவர்களுக்குத்தான் அதிலுள்ள சிரமம் தெரியும். விளைச்சல் குறைந்தாலும் சிக்கல், கூடினாலும் சிக்கல். கடைக்காரர் கடன் சொல்வார். வங்கி ஜாமீன் கேட்கும். இதையெல்லாம் பார்த்து, ஒருமுறை அடியோடு விழுந்து, மறுபடி எழுந்தவர் ஹென்றி ஜான் ஹெய்ன்ஸ். உலகம் முழுக்கத் தக்காளி கெட்ச்சப் புட்டிகளில் இருக்கும் பெயர் அவருடையது. நம் நாட்டிலும் காம்ப்ளான், குளுகோன்-டி டப்பாக்களில் சில காலம் அந்தப் பெயரைப் பார்த்திருப்போம். அந்த நிறுவனம் தொடங்கியது தக்காளியில் அல்ல. ஒரு தாயின் வீட்டுத் தோட்டத்தில் விளைந்த கிழங்கில்.

தாயின் தோட்டம்

ஹெய்ன்ஸ் 1844ஆம் ஆண்டு அக்டோபர் 11 அன்று அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில், பிட்ஸ்பர்க் நகரை ஒட்டிய பகுதியில் பிறந்தார். தந்தையும் தாயும் ஜெர்மனியிலிருந்து பிழைப்புத் தேடி வந்தவர்கள். தந்தை செங்கல் சூளை வைத்திருந்தார். ஹென்றி சிறுவனாக இருந்தபோது குடும்பம் அலிகேனி ஆற்றங்கரையில் உள்ள ஷார்ப்ஸ்பர்க் என்ற சிற்றூருக்குக் குடிபெயர்ந்தது. வரிசையாகப் பிள்ளைகள், மூத்தவர் ஹென்றி. மகனைப் பாதிரியாராக்க வேண்டும் என்பது பெற்றோரின் ஆசை. மகனின் கவனம் தோட்டத்திலும் சந்தையிலும் இருந்தது.

தாய் அன்னா வீட்டுத் தேவைக்காகக் காய்கறித் தோட்டம் போட்டிருந்தார். வீட்டுக்குப் போக மிஞ்சியதைக் கூடையில் எடுத்துக்கொண்டு தெருத்தெருவாக விற்றபோது ஹென்றிக்கு வயது எட்டு. பத்து வயதில் முக்கால் ஏக்கர் நிலத்தைத் தனியே பார்த்துக்கொள்ளும் பொறுப்பு வந்தது. கூடை போய்த் தள்ளுவண்டி வந்தது. பன்னிரண்டு வயதில் மூன்றரை ஏக்கர். கூடவே ஒரு குதிரையும் வண்டியும். பதினாறு, பதினேழு வயதுக்குள் கூலிக்கு ஆள் வைத்துக்கொண்டு, வாரத்தில் சில நாள் பிட்ஸ்பர்க் மளிகைக் கடைகளுக்கு நேரடியாகச் சரக்கு கொடுக்கும் நிலைக்கு வந்துவிட்டார். பதினேழாவது வயதில் ஓராண்டு விற்பனை 2,400 டாலர். அந்தக் காலத்தில் ஒரு தொழிலாளி பல ஆண்டுகள் உழைத்தால்தான் பார்க்க முடிந்த பணம் அது.

அவர் கடைகளுக்குக் கொடுத்த சரக்கில் ஒன்று குதிரைமுள்ளங்கி. பெயரில் முள்ளங்கி இருந்தாலும் நம் முள்ளங்கி வேறு, இது வேறு. இரண்டும் கடுகுக் குடும்பம்தான். குதிரைமுள்ளங்கியின் வேர் மண்ணில் ஆழமாக இறங்கும். தோண்டி எடுத்துக் கழுவி, தோல் சீவி, துருவி, வினிகரில் ஊற வைத்தால் இறைச்சிக்குத் தொட்டுக்கொள்ளும் காரமான துவையல். ஜெர்மானியர் வீடுகளில் அது இல்லாமல் விருந்து இல்லை. துருவும்போதுதான் வேதனை. வெங்காயம் உரிப்பதைவிடப் பல மடங்கு கண் எரியும், மூக்கில் நீர் வழியும், விரல்கள் தேயும். துருவியதைப் புட்டியில் அடைத்துக் கொடுத்தால் பெண்கள் வாங்குவார்கள் என்பது தெரிந்த விஷயம்தான். ஏற்கனவே பலர் விற்றுக்கொண்டும் இருந்தார்கள்.

ஆனால் அவர்கள் விற்றது பச்சை, பழுப்பு நிறப் புட்டிகளில். உள்ளே இருப்பது வெளியே தெரியாது. டர்னிப் கிழங்குத் துருவலைக் கலந்தார்கள். மரத்தூள் கலந்தவர்களும் உண்டு. வாங்கியவர் வீட்டுக்குப் போய்த் திறந்து பார்த்தால்தான் ஏமாந்தது தெரியும். ஹெய்ன்ஸ் தன் சரக்கை நிறமற்ற கண்ணாடிப் புட்டியில் அடைத்தார். கடைக்காரர் முன்னாலும் ஓட்டல் சமையல்காரர் முன்னாலும் புட்டியை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினார். கலப்படம் இல்லை என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டிய தேவை இருக்கவில்லை. பின்னாளில் அவர் விளம்பரத்துக்குக் கொட்டிய லட்சக்கணக்கான டாலர்களைவிட இந்த ஒரு முடிவுக்குத்தான் அவருடைய வளர்ச்சியில் பங்கு அதிகம் என்று எனக்குத் தோன்றும்.

இதற்கிடையே பிட்ஸ்பர்க்கில் உள்ள டஃப் வணிகக் கல்லூரியில் கணக்கு எழுதக் கற்றுக்கொண்டு, தந்தையின் செங்கல் தொழிலுக்குக் கணக்கரானார். பிறகு பங்குதாரரும் ஆனார். ஒரு சம்பவம் அவருடைய குணத்தைக் காட்டும். தந்தை உறவினர்களைப் பார்க்க ஜெர்மனி போயிருந்த சமயம், வராக்கடன் என்று தந்தை கைவிட்டிருந்த பழைய பாக்கிகளை ஒவ்வொன்றாக வசூலித்து, அந்தப் பணத்தில் குடும்பத்துக்கு ஒரு புதிய வீடே கட்டி முடித்துவிட்டார். திரும்பி வந்த தந்தைக்கு வீட்டைக் கண்டு வியப்பு. எந்தச் செங்கலையும் தட்டிப் பார்த்து அதன் தரம் சொல்லும் பழக்கம் ஹென்றிக்குக் கடைசி வரை இருந்தது.

1875: விளைச்சல் கொட்டிய ஆண்டு

1869இல், 25 வயதில், நண்பர் கிளாரன்ஸ் நோபிளுடன் சேர்ந்து ஹெய்ன்ஸ் அண்ட் நோபிள் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். அதே ஆண்டு சாரா யங் என்ற பெண்ணுடன் திருமணம். குடும்பம் காலி செய்த பழைய செங்கல் வீட்டின் நிலவறைதான் தொழிற்கூடம். வீட்டை ஒட்டிய நிலத்தில் குதிரைமுள்ளங்கி. பிறகு செலரி சாஸ், வினிகர், முட்டைக்கோஸை உப்பில் புளிக்க வைக்கும் சவர்க்ராட், வெள்ளரிப் பிஞ்சு ஊறுகாய் என்று சரக்கு பெருகியது. நோபிளின் சகோதரரும் பங்குதாரரானார். ஐந்தாண்டில் பிட்ஸ்பர்க் வட்டாரத்தின் பெரிய ஊறுகாய் வியாபாரிகளில் ஒருவராகிவிட்டார் ஹெய்ன்ஸ்.

1873இல் அமெரிக்காவில் பெரும் நிதி நெருக்கடி வந்தது. வங்கிகள் மூடின. ரயில் நிறுவனங்கள் கவிழ்ந்தன. ஹெய்ன்ஸின் நிறுவனம் முதல் அடியைத் தாங்கிக்கொண்டது. அவர் விழுந்தது இரண்டு ஆண்டு கழித்து, வெள்ளரி வயலில்.

இல்லினாய்ஸ் மாநிலத்தில் உட்ஸ்டாக் என்ற ஊரைச் சுற்றியுள்ள விவசாயிகளுடன் நிறுவனம் ஒப்பந்தம் போட்டிருந்தது. சுமார் 600 ஏக்கரில் விளையும் வெள்ளரி முழுவதையும் புஷல் ஒன்றுக்கு 60 சென்ட் விலையில் எடுத்துக்கொள்ள வேண்டும். புஷல் என்பது ஏறக்குறைய 35 லிட்டர் கொள்ளும் கூடை அளவு. இதோடு 80 ஏக்கர் முட்டைக்கோஸ், டன் 10 டாலர். ஒப்பந்தத்தில் ஏக்கர் இருந்தது, விலை இருந்தது. எத்தனை புஷல் என்ற உச்சவரம்பு இல்லை. வந்ததெல்லாம் வாங்க வேண்டும்.

விவசாயி பக்கமிருந்து பார்த்தால் இதைவிட நல்ல ஒப்பந்தம் கிடையாது. விலைக்கும் உத்தரவாதம், அளவுக்கும் உத்தரவாதம். இன்று கெர்கின் வெள்ளரியை ஒப்பந்த முறையில் பயிரிடும் நம் ஊர்க்காரர்களைக் கேட்டால் தெரியும். காய் ஒரு நாள் முற்றிவிட்டாலே தரம் குறைந்து விலை எங்கோ போய்விடும். உட்ஸ்டாக் விவசாயிகளுக்கு அந்த ஆண்டு மழையும் வெயிலும் அளவாக அமைந்தன. வெள்ளரி காய்த்துத் தள்ளியது. ஒரு கட்டத்தில் நாளொன்றுக்கு 2,000 புஷல் வரை வந்து குவிந்தது. வெள்ளரிக்குக் காத்திருக்கத் தெரியாது. பறித்த சூட்டோடு உப்புநீரில் இறங்கவில்லை என்றால் வதங்கிப்போகும். எனவே வண்டி வந்து நின்றவுடன் எடை போட்டுப் பணம் கொடுத்தாக வேண்டும். ஆனால் அந்த வெள்ளரி ஊறுகாயாகிக் கடைக்குப் போய்ப் பணமாகத் திரும்பி வர மாதக்கணக்கில் ஆகும். விளைச்சல் கூடக் கூட ஹெய்ன்ஸின் கையிருப்பு கரைந்தது. நெருக்கடிக் காலம் என்பதால் கடைகளில் விற்பனையும் மந்தம், வங்கிகளும் கடன் தரவில்லை.

அந்த இலையுதிர் காலம் முழுவதும் அவர் உறவினர், நண்பர், தெரிந்தவர், தெரியாதவர் என்று வாசல் வாசலாக ஏறி இறங்கினார். ஓர் இடத்தில் வாங்கி இன்னோர் இடத்தில் அடைத்தார். 1875 டிசம்பரில் நிறுவனம் திவாலானது. சொத்து சுமார் 1,10,000 டாலர். கடன் சுமார் 1,60,000 டாலர். கடன்காரர்களை ஏமாற்றச் சரக்கைப் பதுக்கினார் என்று புகார் கொடுத்தார்கள், கைதும் ஆனார். குற்றம் நிரூபணமாகவில்லை, விடுதலையானார். ஆனால் செய்தித்தாளில் பெயர் வந்துவிட்டது. நேற்று வரை வணக்கம் சொன்னவர்கள் தெருவில் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். நாட்குறிப்பு எழுதும் பழக்கம் உள்ளவர் அவர். அந்த ஆண்டு கிறிஸ்துமஸுக்கு வீட்டில் யாருக்கும் பரிசு வாங்க முடியாமல் போனதையும் மனைவியின் வருத்தத்தையும் அதில் எழுதி வைத்திருக்கிறார். அப்போது வயது 31.

அளவுக்கு வரம்பு வைக்காமல் ஒப்பந்தம் போட்டது அவர் செய்த தவறு. விளைச்சல் பொய்த்தால் என்ன செய்வது என்று யோசித்தவர், விளைச்சல் கொட்டினால் என்ன செய்வது என்று யோசிக்கவில்லை. நிறுவனங்கள் இன்றைய ஒப்பந்தங்களில் ஏன் இத்தனை நிபந்தனை எழுதுகின்றன என்பது இந்தக் கதை தெரிந்தால் புரியும். அந்த நிபந்தனைகள் எல்லாமே நியாயம் என்று நான் சொல்ல வரவில்லை.

கடன் நோட்டு

சட்டப்படி திவாலானவர் தன் பெயரில் தொழில் தொடங்க முடியாது. 1876 பிப்ரவரியில், திவாலாகி இரண்டு மாதம்கூட முழுதாக முடியாத நிலையில், தம்பி ஜான், உறவினர் ஃபிரெடெரிக் இருவர் பெயரிலும் எஃப் அண்ட் ஜே ஹெய்ன்ஸ் என்ற நிறுவனம் பிறந்தது. தாயும் மனைவியும் கையில் இருந்ததைப் போட்டார்கள். ஹென்றி அங்கே சம்பளத்துக்கு மேலாளர். பயிர் விவகாரம் ஃபிரெடெரிக்கின் பொறுப்பு. சரக்கு வண்டி இழுக்க நல்ல குதிரை வாங்கப் பணம் இல்லை. 16 டாலருக்கு ஒரு குதிரை வாங்கினார். அதற்குக் கண் தெரியாது. அந்தக் குருட்டுக் குதிரைதான் புதிய நிறுவனத்தின் முதல் வாகனம்.

இந்தக் காலத்தில் அவர் செய்த ஒரு காரியத்துக்காகவே இந்தக் கட்டுரையை எழுத நினைத்தேன். திவால் தீர்ப்புக்குப் பிறகு பழைய கடனைத் திருப்பித் தர வேண்டிய கட்டாயம் சட்டத்தில் இல்லை. ஹெய்ன்ஸ் ஒரு சிறு நோட்டு வாங்கினார். மேலட்டையில் எம்.ஓ. என்று இரண்டு எழுத்து. தார்மிகக் கடமை என்று பொருள்படும் ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகள் அவை. உள்ளே பழைய நிறுவனம் யார் யாருக்கு எவ்வளவு பாக்கி, அதில் தன் பங்கு எவ்வளவு என்ற பட்டியல். பங்குதாரர்களின் கடன் அவரவருக்கு. தன் பங்கை மட்டும் முழுவதும் அடைப்பது என்று முடிவு செய்தார். சம்பளத்திலிருந்து, பிறகு லாபத்திலிருந்து, ஒவ்வொருவராகத் தேடிப்போய்க் கொடுத்தார். கொடுத்து முடித்த பெயரை நோட்டில் அடித்தார். பல ஆண்டுகள் எடுத்தது. கடைசிப் பெயர் வரை அடித்துவிட்டார்.

ஊரில் வட்டிக்குக் கொடுத்து வாங்குபவர்களுக்கு இது விசித்திரமாகத் தெரியலாம். ஆனால் பணம் திரும்பக் கிடைத்தவர்களில் பலர் பிற்பாடு அவருக்குச் சரக்குக் கொடுத்தவர்கள், அவரிடம் சரக்கு வாங்கியவர்கள். நாணயம் என்ற சொல்லுக்குக் காசு, நேர்மை என்று தமிழில் இரண்டு பொருளும் இருப்பது சும்மா இல்லை.

தக்காளிக்கு வந்த மரியாதை

புதிய நிறுவனம் தொடங்கிய 1876இல்தான் ஹெய்ன்ஸ் தக்காளி கெட்ச்சப்பைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். கெட்ச்சப்பைக் கண்டுபிடித்தவர் அவர் என்று சிலர் எழுதுகிறார்கள், தவறு. அதற்குப் பல பத்தாண்டுகள் முன்பே அமெரிக்க வீடுகளில் பெண்கள் தக்காளி கெட்ச்சப் காய்ச்சினார்கள், கடைகளிலும் விற்றது.

கடையில் விற்றது எப்படித் தயாரானது என்பதுதான் விஷயம். தக்காளியை டின்னில் அடைக்கும் ஆலைகளில் மிஞ்சும் தோல், காம்புப் பகுதி, பச்சைக்காய், அழுகல் எல்லாவற்றையும் பீப்பாயில் போட்டு வைப்பார்கள். அது நுரைத்துப் புளித்துக் கிடக்கும். பிறகு அதைக் காய்ச்சி, மாவு சேர்த்துக் கெட்டியாக்கி, சாயம் ஏற்றி, கெடாமல் இருக்க சோடியம் பென்சோயேட் போன்ற ரசாயனம் சேர்த்துப் புட்டியில் அடைப்பார்கள். கழிவிலிருந்து காசு. ஆரம்பத்தில் ஹெய்ன்ஸ் நிறுவனமும் ரசாயனப் பாதுகாப்பான் இல்லாமல் கெட்ச்சப் செய்யவில்லை. அது இல்லாவிட்டால் புட்டியைத் திறந்த சில நாட்களில் பூஞ்சணம் பிடித்தது. சில புட்டிகள் நொதித்து வெடித்தன.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவருடைய ஆய்வுக்கூடம் பல பரிசோதனைகள் செய்து ஒரு வழி கண்டது. வழி ரசாயனத்தில் இல்லை, தக்காளியில் இருந்தது. செடியிலேயே நன்றாகப் பழுத்த, அடிபடாத தக்காளியாக இருக்க வேண்டும். பறித்த உடன் ஆலைக்கு வந்து கழுவி, காய்ச்சி முடிக்க வேண்டும். வினிகரும் சர்க்கரையும் முன்பைவிட ஏறக்குறைய இரு மடங்கு. பழுத்த தக்காளியில் உள்ள பெக்டின் தானாகவே குழம்பைக் கெட்டியாக்கியது. புளிப்பும் இனிப்பும் சேர்ந்து கிருமியை வளரவிடவில்லை. இன்றைக்கு நாம் சாப்பிடும் கெட்ச்சப்பின் கெட்டித்தன்மை, இனிப்பு, புட்டியைத் தட்டினாலும் இறங்க மறுக்கும் பிடிவாதம் எல்லாம் அந்த மாற்றத்தில் வந்தவை.

விலை மற்றவர்களின் கெட்ச்சப்பைவிட இரு மடங்குக்கும் மேல். இருந்தும் விற்றது. விவசாயிக்கு இதில் ஒரு செய்தி இருக்கிறது. அதுவரை ஆலைக்குத் தக்காளி என்றால் சந்தையில் போகாத கழிவு. இப்போது ஆலை கேட்டது முதல் தரம். விதை எது, எப்போது நடவு, எந்த நிறத்தில் பறிப்பு, எத்தனை மணிக்குள் கொண்டுவருவது எல்லாம் நிறுவனத்தின் அக்கறையானது. அதற்காக ஆலையை நகரத்தில் வைத்துக்கொண்டு காயை வரவழைக்காமல், காய் விளையும் இடத்துக்கு ஆலையைக் கொண்டுபோனார் ஹெய்ன்ஸ். அயோவா மாநிலத்தில் மஸ்கட்டீன், மிச்சிகன் மாநிலத்தில் ஹாலந்து என்று கிளை ஆலைகள் எழுந்தன. வெள்ளரி விளையும் வட்டாரங்களில் ரயில் நிலையத்தை ஒட்டி உப்பு நிலையங்கள் அமைத்தார். பெரிய மரத்தொட்டிகளில் உப்புநீர். விவசாயி காலையில் பறித்த வெள்ளரி அன்றே அதில் இறங்கும். தொட்டியிலேயே புளித்து, தேவைப்படும்போது ரயிலில் ஆலைக்குப் போகும். 1875இல் அவரைக் கவிழ்த்த அதே வெள்ளரி வெள்ளத்தை இப்போது தொட்டிகள் தாங்கிக்கொண்டன.

கனடாவின் லீமிங்டனில் 1909இல் தொடங்கிய ஆலை அந்த வட்டாரத்தையே தக்காளிப் பூமியாக்கியது. நூறாண்டுக்கு மேல் கழித்து, 2014இல் நிறுவனம் அந்த ஆலையைக் கைவிட்டபோது அங்குள்ள விவசாயிகள் தவித்துப்போனார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். ஒரே ஆலையை நம்பி ஊரே ஒரே பயிருக்கு மாறினால் வரும் ஆபத்து அது. ஹெய்ன்ஸ் அப்போது உயிரோடு இல்லை.

சட்டம் வேண்டும் என்ற முதலாளி

அந்தக் காலத்தில் அமெரிக்காவில் உணவுக் கலப்படத்துக்கு நாடு தழுவிய சட்டம் கிடையாது. பாலில் ஃபார்மலின், மிளகில் மண், ஜாமில் சாயம். வேளாண் துறையின் தலைமை வேதியியலாளர் ஹார்வி வைலி இதை எதிர்த்துப் பல ஆண்டுகள் போராடினார். 1902இல் திடகாத்திரமான இளைஞர்களைத் தேர்ந்தெடுத்து, அவர்கள் சம்மதத்தோடு, ரசாயனம் சேர்த்த உணவைக் கொடுத்து உடலில் என்ன நடக்கிறது என்று பரிசோதித்தவர் அவர். நஞ்சுப் படை என்று பத்திரிகைகள் அந்த இளைஞர்களுக்குப் பெயர் வைத்தன.

உணவுத் தொழிலதிபர்களில் பலர் சட்டத்தை எதிர்த்தார்கள். ஹெய்ன்ஸ் ஆதரித்தார். மகன் ஹோவார்டை வாஷிங்டனுக்கு அனுப்பி அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட்டிடம் சட்டத்துக்கு ஆதரவாகப் பேச வைத்தார். 1906 ஜூன் 30 அன்று ரூஸ்வெல்ட் கையெழுத்திட, தூய உணவு மற்றும் மருந்துச் சட்டம் பிறந்தது. சக வியாபாரிகள் ஹெய்ன்ஸ் மீது கடும் கோபத்தில் இருந்தார்கள்.

அவருக்கு இதில் சுயநலம் இல்லையா? நிச்சயம் இருந்தது. ரசாயனம் இல்லாமல் கெட்ச்சப் செய்யும் வித்தை அவரிடம் இருந்தது, மற்றவர்களிடம் இல்லை. சட்டம் கடுமையானால் லாபம் அவருக்கு. சோடியம் பென்சோயேட் குறைந்த அளவில் தீங்கு செய்யாது என்று சில ஆண்டு கழித்து அரசு அமைத்த அறிஞர் குழு சொல்லிவிட்டது. இன்றும் அது பல நாடுகளில் அனுமதிக்கப்பட்ட பொருள். ஆனால் அழுகலை மறைக்க அந்த ரசாயனம் பயன்பட்டது என்ற குற்றச்சாட்டு பொய்யில்லை. நல்ல பழத்தில் செய்தால் அதற்கான தேவையே இல்லை என்று அவர் செய்து காட்டியதும் உண்மை.

ஆலையும் ஆட்களும்

1888இல் தம்பியின் பங்கை வாங்கி, நிறுவனத்தை எச்.ஜே. ஹெய்ன்ஸ் கம்பெனி என்று தன் பெயருக்கு மாற்றிக்கொண்டார். பிட்ஸ்பர்க்கின் அலிகேனி பகுதியில் செங்கல் கட்டடங்களாகப் பெரிய ஆலை எழுந்தது. வேலை செய்தவர்களில் பாதிக்கு மேல் பெண்கள், அதிலும் குடியேறிய குடும்பங்களின் இளம்பெண்கள். அவர்களுக்குச் சீருடை, சாப்பாட்டுக் கூடம், நூலகம், மொட்டை மாடித் தோட்டம், குளியலறை. உணவைக் கையால் தொடுபவர்கள் என்பதால் வாரம்தோறும் நகம் வெட்டிச் சுத்தம் செய்யத் தனியே ஆள். அன்றைய பிட்ஸ்பர்க் எஃகு ஆலைகளில் மனிதர்கள் நடத்தப்பட்ட விதத்தோடு ஒப்பிட்டால் இது வேறு உலகம். ஆனால் பெண்களின் கூலி குறைவுதான், வேலை நேரம் நீளம்தான். ஊறுகாய்ப் புட்டிக்குள் ஒவ்வொரு பிஞ்சும் ஒரே மாதிரி வரிசையாக நிற்க வேண்டும் என்று விதி; நாளெல்லாம் நின்று அதை அடுக்கியவர்கள் அந்தப் பெண்கள். குதிரை லாயத்தில்கூட நோயுற்ற குதிரைக்குத் தனி அறை, கால் கழுவும் தொட்டி. பழைய குருட்டுக் குதிரையை அவர் மறந்திருக்க மாட்டார் என்று நினைக்கிறேன்.

ஆலையின் கதவு பார்வையாளர்களுக்குத் திறந்தே இருந்தது. ஆண்டுக்கு ஆயிரக்கணக்கானோர் வந்து, சமையல் நடக்கும் இடத்தைச் சுற்றிப் பார்த்து, ருசி பார்த்துவிட்டுப் போனார்கள். கண்ணாடிப் புட்டியின் பெரிய வடிவம் என்று இதைச் சொல்லலாம்.

விளம்பரத்தில் அவர் கில்லாடி. 1893 சிகாகோ உலகக் கண்காட்சியில் அவருடைய அரங்கு மாடியில் அமைந்துவிட்டது. ஏறி வர ஆளில்லை. உடனே சிறு சீட்டுகள் அச்சடித்துக் கீழ்த்தளமெங்கும் போட வைத்தார். சீட்டோடு மேலே வந்தால் வெள்ளரி வடிவில் ஒரு சிறு பதக்கம் இலவசம். கூட்டத்தின் கனத்தைத் தாங்க மாடித் தளத்துக்கு முட்டுக் கொடுக்க வேண்டி வந்தது. 1896இல் நியூயார்க்கில் ரயிலில் போகும்போது 21 வகைக் காலணி என்று ஒரு விளம்பரத்தைப் பார்த்தார். எண்ணைப் போட்டால் மனதில் நிற்கும் என்று தோன்றியது. அவரிடம் அப்போதே 60க்கு மேற்பட்ட பொருட்கள் இருந்தன. ஆனாலும் 57 என்ற எண்தான் பிடித்தது. 57 வகை என்பது நிறுவனத்தின் அடையாளமாகிவிட்டது. கணக்கு தப்பு என்று யாரும் வழக்குப் போடவில்லை.

வெளிநாட்டுச் சந்தையும் சீக்கிரமே திறந்தது. 1886இல் குடும்பத்தோடு இங்கிலாந்து போனவர், ஏழு பொருட்களைப் பையில் எடுத்துக்கொண்டு, லண்டனில் அரச குடும்பத்துக்கே சரக்குக் கொடுக்கும் ஃபோர்ட்னம் அண்ட் மேசன் கடைக்குள் நேராக முன்வாசல் வழியே நுழைந்தார். வியாபாரிகள் பின்வாசலில் காத்திருப்பதே வழக்கம். கொள்முதல் அதிகாரி ருசி பார்த்துவிட்டு ஏழையும் வாங்கிக்கொண்டார். 1905இல் லண்டனில் சொந்த ஆலை.

கடைசிக் காலம்

1894இல் மனைவி சாரா இறந்தார். ஹெய்ன்ஸ் மறுமணம் செய்துகொள்ளவில்லை. நிறுவனப் பொறுப்பைப் படிப்படியாக மகன் ஹோவார்டிடமும் மற்றவர்களிடமும் விட்டுவிட்டு, ஞாயிறு பள்ளி இயக்கத்துக்காக ஜப்பான் வரை பயணம் போனார். கடிகாரம், தந்தச் சிற்பம் என்று கிடைத்ததையெல்லாம் சேகரித்தார். நாட்குறிப்பு எழுதுவதை விடவில்லை.

1919 மே 14 அன்று நிமோனியாவால் இறந்தார், வயது 74. அப்போது நிறுவனத்தில் 6,000க்கும் மேற்பட்டோர் வேலை செய்தார்கள். 25 கிளை ஆலைகள் இருந்தன. புட்டி, டின், பெட்டி செய்யும் ஆலைகளும் சொந்தம். அதன் பிறகு மகன், பேரன் என்று இரண்டு தலைமுறை நடத்தியது. 2013இல் நிறுவனம் முதலீட்டாளர்கள் கைக்கு மாறி, 2015இல் கிராஃப்ட் நிறுவனத்தோடு இணைந்தது. தக்காளி விதை வணிகத்தில் இன்றும் அந்தப் பெயர் உண்டு.

தொழில் தொடங்கிய பழைய செங்கல் வீடு ஷார்ப்ஸ்பர்க்கில் இருந்தது என்றேன் அல்லவா? தந்தை 1854இல் கட்டியது அது. 1904இல் ஹெய்ன்ஸ் அந்த வீட்டை இடிக்காமல், ஒரு செங்கல்லும் பிரிக்காமல் அப்படியே பெயர்த்தெடுத்து, மிதவைப் படகில் ஏற்றி, அலிகேனி ஆற்றில் எட்டு கிலோமீட்டர் மிதக்கவிட்டு, பிட்ஸ்பர்க் ஆலை வளாகத்துக்குக் கொண்டுவந்தார். ஆற்றில் வீடு மிதந்து வருவதைப் பார்க்கக் கரையில் கூட்டம் கூடியது. ஆலைக்கு வருபவர்களை அவர் முதலில் கூட்டிப்போய்க் காட்ட ஆசைப்பட்டது அந்த இரண்டு மாடி வீட்டைத்தான். 1950களில் வீடு இன்னொரு பயணம் போனது. இப்போது மிச்சிகன் மாநிலத்தில் டியர்பார்ன் நகரில் உள்ள கிரீன்ஃபீல்டு கிராமம் என்ற திறந்தவெளி அருங்காட்சியகத்தில் நிற்கிறது.